யாருக்கும் புரியாத பேச்சு

போலந்தில் ஒரு தொழில் நகரத்தில் ஆறு மாதம் இருந்தேன். அந்த ஆறு மாதத்தில் எனக்கென்று இருந்தவள் ஒரே ஒருத்தி. அவளை எப்படி இழந்தேன் என்பதைத்தான் எழுதப் போகிறேன். பனியையும் பழைய தேவாலயங்களையும் பற்றிப் படிக்கலாம் என்று நினைத்து வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். அதையெல்லாம் நானும் பார்த்தேன், ஆனால் இப்போது ஒன்றும் சரியாக நினைவில்லை.

இரண்டாயிரங்களின் தொடக்கத்தில், மதுரையில் நான் படித்த கல்லூரிக்கு ஒரு மாணவர் அமைப்பு வந்தது. இளைஞர்களை நாடு விட்டு நாடு மாற்றி வேலைப் பயிற்சிக்கு அனுப்புகிற அமைப்பு. எனக்குக் கிடைத்தது போலந்தில் பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் இந்தியாவைப் பற்றிப் பேசுகிற வேலை. அதற்குப் பெரிய படிப்பு எதுவும் வேண்டாம், வாய் இருந்தால் போதும். வாய்க்கு எங்கள் வீட்டில் என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை.

எங்கள் வீடு செல்லூரில், இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்கி நிற்க வேண்டிய சந்தில் இருந்தது. அப்பா ஜவுளிக் கடையில் கணக்குப்பிள்ளை. பக்கத்து வீட்டில் விசைத்தறி ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தொண்டை பெரிது. அம்மா ரகசியம் சொன்னால் எதிர்ச் சந்துக்குக் கேட்கும்.

கேட்டாலும் கவலையில்லை. எங்கள் வீட்டுப் பேச்சு தமிழ் இல்லை. முன்னோர்கள் எப்போதோ குஜராத் பக்கமிருந்து கிளம்பி, வழியெல்லாம் தங்கித் தங்கி மதுரைக்கு வந்து சேர்ந்தவர்கள். தெருவில் தமிழ், வாசற்படி ஏறினால் எங்கள் மொழி. தண்ணீர் எங்களுக்குப் பானி, வீடு எங்களுக்குக் கெர். அந்த மொழியில் எதை வேண்டுமானாலும் யார் முன்னாலும் சொல்லலாம் என்பது எங்களுக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம். ஜவுளிக் கடையில் கடைக்காரர் முகத்துக்கு நேரே சிரித்துக்கொண்டு, "இவன் தலையில மொளகா அரைக்கிறான், எந்திரி போவோம்" என்பாள் அம்மா. "அக்கா என்ன சொல்றாங்க பாப்பா?" என்று அவர் கேட்பார். "கலர் ரொம்ப நல்லா இருக்காம்ணே" என்பேன். பேருந்தில், கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வரிசையில், பக்கத்தில் நிற்பவரைப் பற்றி அவர் பக்கத்தில் நின்றே பேசுவோம். அது தப்பு என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

பள்ளியில் மற்ற பிள்ளைகள் எங்கள் பேச்சை வாயைக் கோணிக்கொண்டு பேசிக் காட்டுவார்கள். அதனால் வெளியாள் யார் கேட்டாலும் தமிழ் என்று சொல்லிவிடுவேன். விளக்கம் சொல்லி மாளாது. போலந்திலும் அப்படியே சொன்னேன்.

நான் சொன்ன அந்த ஒருத்தி எனக்கு மூன்று வாரம் முன்னால் வந்திருந்தாள். நாக்பூருக்கு அப்பால் ஒரு சிறிய ஊர். இருவருக்கும் ஒரே வேலை, ஒரே வீடு, பேசிக்கொள்ள ஆங்கிலம். லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் நாலாவது மாடி, ஒரு அறை, ஒரு சமையலறை. ஜனவரியில் நான் கான்வாஸ் ஷூவோடு போய் இறங்கினேன். அவள் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மறுநாளே பழைய துணிச் சந்தைக்குக் கூட்டிப்போய் எனக்குப் பூட்ஸ் பொறுக்கிக் கொடுத்தாள். நனைந்த பூட்ஸுக்குள் செய்தித்தாளைத் திணித்து வைக்கச் சொன்னாள். டிராம் சீட்டை எந்த இயந்திரத்தில் சொருக வேண்டும், கடையில் எது தயிர் எது பாலாடை, பாதை உறைந்திருந்தால் பாதத்தை எப்படி வைக்க வேண்டும், எல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும்.

இரண்டாவது வாரம் எனக்குக் காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் எழுந்திருக்கவில்லை. அரிசியைக் குழைய வேகவைத்து உப்புப் போட்டுக் கரண்டியால் ஊட்டினாள். என் துணிகளைக் குளியல் தொட்டியில் போட்டு மிதித்துத் துவைத்தாள். இதை என் அம்மா செய்திருப்பாள், சரி. சித்தி செய்திருப்பாளா என்பது சந்தேகம். "நீ மட்டும் இல்லன்னா நான் பெட்டியைக் கட்டியிருப்பேன்" என்று அவளிடம் சொன்னேன். அது நிஜம்.

தொலைபேசி சமையலறைச் சுவரில் இருந்தது. குட்டை ஒயர், அறைக்கு எடுத்துப் போக முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஊரில் சாயங்காலம் ஆகும்போது, போன் கார்டு சுரண்டி எண் போட்டு அம்மாவைக் கூப்பிடுவேன். அம்மாவின் குரல் ரிசீவருக்கு வெளியே ஒரு முழத்துக்குக் கேட்கும். சரியாக அந்த நேரம் பார்த்து அவள் டீ டம்ளரோடு வந்து சமையலறை மேசையில் உட்கார்ந்துவிடுவாள். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சில நேரம் தானாகச் சிரித்துக்கொண்டு இருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும். மற்றவர் வீட்டுப் பேச்சு நடக்கும்போது எழுந்து போகிற இங்கிதம் இல்லையே என்று நினைப்பேன். அதை அம்மாவிடமும் சொன்னேன்.

அம்மாவோடு நான் பேசியதெல்லாம் எங்கள் மொழியில். அதை எழுதினால் எனக்கே படிக்க வராது. எங்கள் சந்தில் பேசுகிற தமிழில் எழுதுகிறேன், ஏறக்குறைய அதேதான்.

"எதுக்க வந்து ஒக்காந்திருக்காம்மா. நம்ம பேசுறதையே வாயப் பொளந்து பாத்துக்கிட்டு."

"பாத்துட்டுப் போறா. அவளுக்கு என்ன வெளங்கவா போகுது?"

ஒருநாள் அவள் என்னிடம் கேட்டாள், உங்கள் தமிழில் எங்கள் மராத்திச் சொற்கள் நிறைய இருக்கிறதா என்று. கேட்கும்போது ஏதோ சந்தோஷமான செய்தி சொல்லப் போகிறவள் போல முகம். "எல்லாம் சமஸ்கிருதம், எல்லா எடத்துலயும் கலந்திருக்கும்" என்று சொல்லி, காயவைத்த துணியை எடுக்கப் போய்விட்டேன். தமிழ் இல்லை, வேறு என்று சொல்ல அரை நிமிடம் ஆகியிருக்கும்.

நாலாவது வாரம் அவள் தன் பெட்டியிலிருந்து ஒரு படத்தை எடுத்து, சமையலறை அலமாரியில் உப்பு டப்பா பக்கத்தில் வைத்தாள். சின்னச் சட்டம். நீலக் கோட்டு, வட்டக் கண்ணாடி. முன்னால் ஒரு மெழுகுவத்தி ஏற்றினாள். அவரை எனக்குத் தெரியும். திருமங்கலம் போகிற பேருந்தில் சன்னலோரம் உட்கார்ந்தால், ஊர் முனைகளில் கம்பிக் கூண்டுக்குள் நிற்பார். யாராவது செருப்பு மாலை போட்டுவிடுவார்கள், தலையை உடைத்துவிடுவார்கள் என்று கூண்டு. நாங்கள் சின்ன வயதில் அதைக் கண்டால் ஆச்சரியப்பட்டதில்லை. சிலை என்றால் கூண்டு இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

படத்தைப் பார்த்ததும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்று இங்கே எழுதிவிடலாம். தோன்றியது. காய்ச்சலில் குடித்த கஞ்சி ஞாபகம் வந்து வயிறு ஒருமாதிரி ஆனது. நான் பட்டம் வாங்கியவள், பேச்சுப் போட்டிகளில் சமத்துவத்துக்காகக் கோப்பை வாங்கியவள். வயிற்றுக்கு அதெல்லாம் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா வழக்கம்போலச் சாப்பாட்டில் ஆரம்பித்தாள்.

"யாரு சமைக்கிறா?"

"மாத்தி மாத்தி. காய்ச்சல்ல கெடந்தப்ப அவதான் பாத்துக்கிட்டா."

"நல்ல புள்ளையாத்தான் இருக்கா. என்ன ஆளுக?"

எங்கள் ஊரில் இதை நேருக்கு நேர் கேட்க மாட்டார்கள். எந்தத் தெரு என்று கேட்பார்கள். தெருவைச் சொன்னால் எல்லாம் தெரிந்துவிடும். நாக்பூர் பக்கத்துத் தெருக்களை அம்மாவுக்குத் தெரியாதே, அதனால் நேராகக் கேட்டாள். தெரியலம்மா என்று சொல்லியிருக்கலாம். அவள் இரண்டடி தூரத்தில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள்.

"படம் வச்சிருக்காம்மா. கூண்டுக்குள்ள நிப்பாருல்ல, அவரு படம்."

பெயரை மட்டும் சொல்லவில்லை. பெயர் எந்த மொழியில் சொன்னாலும் பெயர்தானே, அவளுக்கு விளங்கிவிடும். அம்புட்டுச் சூதானமாகத்தான் இருந்தேன்.



"அவ கையாலயா இம்புட்டு நாளும் தின்ன?"

"எனக்கு எப்படித் தெரியும்? நெத்தியிலயா எழுதி ஒட்டியிருக்கு?"

"அடுப்பு ஒண்ணுதானா?"

"ஒண்ணுதான்."

"பாத்திரமாச்சும் தனியா வாங்கிக்க. அவ ஆக்குறதத் திங்காத. மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லிராதடி, பாவம். ஏதாச்சும் சாக்குச் சொல்லிக்க."

உருளைக்கிழங்குத் தோல் ஒரே சுருளாக மேசைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கை நிற்கவே இல்லை. கை நிற்காததால் எனக்குச் சந்தேகமும் வரவில்லை.

சாக்கை நானே யோசித்துப் பிடித்தேன். சைவம் என்று சொல்ல முடியாது, அவளோடு உட்கார்ந்து கோழிக்காலைக் கடித்திருக்கிறேன். அழகர்கோயிலுக்கு நேர்ந்துகொண்டேன், ஒரு மண்டலம் விரதம், நாற்பத்தெட்டு நாள் தனிப் பாத்திரம், தானே சமைத்துச் சாப்பிட வேண்டும் என்று சொன்னேன். சாமியையும் துணைக்கு இழுத்தாயிற்று. அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அடுப்பு?"

"அது பரவாயில்ல. தொடச்சுட்டாப் போதும்."

மறுநாள் போய் ஒரு சின்னச் சட்டி, ஒரு தட்டு, ஒரு கரண்டி வாங்கி வந்தேன். அன்றிலிருந்து தினமும் நான் சமையலறைக்குப் போகும்போது அடுப்பு சோப்புப் போட்டுத் தேய்த்து, ஈரம்கூடக் காயாமல் இருக்கும். அவள் எனக்கு முன்னால் எழுந்து செய்திருப்பாள். எனக்கு அது வசதியாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. பொய்யை இவ்வளவு நன்றாகச் சொல்லியிருக்கிறோமே என்று. பொய்க்குக் கூலியாகக் கோழியும் முட்டையும் இல்லாமல் அந்தக் குளிரில் நாள் தவறாமல் ரொட்டியும் முட்டைக்கோஸும் தின்றேன். அதற்காக என்மேலே எனக்கு இரக்கம் வேறு.

அந்த வாரம் ஒரு பள்ளிக்குப் போனோம். எங்கள் நிகழ்ச்சி எப்போதும் ஒரே மாதிரிதான். நான் பேசுவேன், அவள் ஒரு மாணவிக்குச் சேலை கட்டிவிடுவாள். அன்றைக்குப் பின் வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து, பதினைந்து வயது இருக்கும், இந்தியாவில் இன்னும் தீண்டாமை இருக்கிறதா என்று கேட்டாள். மனப்பாடம் செய்து வைத்திருந்ததைச் சொன்னேன். சட்டப்படி குற்றம், எங்கேயாவது கிராமங்களில் மிச்சம் இருக்கலாம், படித்தவர்களிடத்தில் நகரங்களில் யாரும் பார்ப்பதில்லை. எங்கள் இருவரையே பாருங்கள், ஒரே வீட்டில் இருக்கிறோம் என்றும் சேர்த்துக்கொண்டேன். அது மனப்பாடத்தில் இல்லாதது, அந்த நேரத்தில் வந்தது.

அவள் மண்டியிட்டுக் கொசுவம் மடித்துக்கொண்டிருந்தாள், வாயில் ஊக்கு. ஆசிரியை அவள் பக்கம் திரும்பி, நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்றார். அவள் வாயிலிருந்த ஊக்கை எடுத்துச் சேலையில் குத்தினாள்.

"அவள் சொல்வது சரிதான். சட்டப்படி குற்றம்" என்றாள்.

வகுப்பு கைதட்டியது. திரும்பும்போது டிராமில் அவள் கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். களைப்பு என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் அடுப்பு விஷயத்தைச் சொன்னேன். அவள் மேசையில் டீயோடு உட்கார்ந்திருந்தாள்.

"நான் சொல்லாமயே காலையில எந்திரிச்சுத் தேச்சு வச்சுர்றாம்மா."

"பாத்தியா, அதுகளுக்கே தெரியும்" என்றாள் அம்மா.

நான் சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்து அறைக்குப் போனாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் போன் நேரத்துக்கு முன்பே கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவாள். எந்தக் குளிரிலும் போவாள். அப்பாடா, இப்போதுதான் இங்கிதம் வந்திருக்கிறது என்று எனக்கு நிம்மதி.

விரதத்தின் நாற்பதாவது நாள் போல, வேறு ஊரில் ஒரு பள்ளி ஆள் கேட்கிறது, நான் போகிறேன் என்றாள். அமைப்பிடம் அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தனிப் பாத்திரம் வைத்துக்கொண்டவளுக்கு, அவள் இல்லாமல் அந்த வீட்டில் எப்படி இருப்பது என்று பயம் வந்துவிட்டது. "என்னைத் தனியா விட்டுட்டுப் போறியே" என்று கூசாமல் கேட்டேன். அவள் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

கிளம்புகிற அன்று காலை, அமைப்பைச் சேர்ந்த ஒரு பெண் காரோடு கீழே காத்திருந்தாள். இவள் பெட்டியை வாசலில் வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்தாள். அலமாரியிலிருந்து படத்தை எடுத்துச் சால்வையில் சுற்றினாள். பிறகு என்னைப் பார்த்து ஒரு வாக்கியம் சொன்னாள். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக, பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்வது போல. ஆங்கிலம் இல்லை.

"அம்மாகிட்டச் சொல்லு. பாத்திரமெல்லாம் நல்லாக் கழுவி வச்சிருக்கேன்."

மராத்தி. எனக்கு மராத்தி தெரியாது. ஆனால் ஒரு சொல்லைக்கூட மனதுக்குள் மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பக்கத்துச் சந்திலிருந்து யாரோ பேசுவது மாதிரி, கொஞ்சம் தடித்த நாக்கு, அவ்வளவுதான் வித்தியாசம். முன்னோர்கள் வழியெல்லாம் தங்கித் தங்கி வந்தார்கள் என்று நூறு முறை கேட்டிருக்கிறேன். தங்கிய இடத்திலெல்லாம் மனிதர்கள் பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்று ஒருமுறைகூட நினைத்ததில்லை.

வாயைத் திறந்தால் முதலில் என்ன வர வேண்டும்? மன்னிப்பு வர வேண்டும். எனக்கு வந்தது இது.

"இல்ல, அது நெஜமாவே விரதம்தான்."

அவள் தலையாட்டினாள். பிறகு ஆங்கிலத்தில் பேசினாள், கோபம் இல்லாமல். கோபமாகப் பேசியிருந்தால் நானும் ஏதாவது சண்டை போட்டிருப்பேன்.

"எனக்கு அம்மா இல்லை. நான் ஒன்பதாவது படிக்கும்போது இறந்துவிட்டாள். முதல் ஞாயிற்றுக்கிழமை உன் அம்மா உன்னைத் திட்டினாள், ஏன் ஒழுங்காகச் சாப்பிடவில்லை என்று. எங்கள் அம்மா திட்டுவது போலவே இருந்தது, அதே சொற்கள். அதைக் கேட்கத்தான் வந்து உட்கார்ந்தேன். உன்னிடம் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் நீ வெட்கப்பட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொள்வாயோ என்று சொல்லவில்லை."

பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். நாலு மாடி. நான் உதவிக்குப் போகவில்லை. போயிருந்தால் பெட்டியைத் தொட விட்டிருப்பாளா என்றும் தெரியாது. சன்னல் வழியாகப் பார்த்தேன். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்?

அவளுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்று வரி. "ஏதாவது தப்பாக நடந்திருந்தால்" என்று தொடங்கியது. ஏதாவது என்று எழுதியதற்காகவே அவள் பதில் போடாதது நியாயம்தான். பதில் வரவில்லை. இன்றுவரை அவளைப் பற்றி ஒரு செய்தியும் எனக்குத் தெரியாது. அந்த வாரம் முழுவதும் பள்ளிகளுக்குத் தனியாகப் போனேன். சேலை கட்டிவிட எனக்குச் சரியாக வரவில்லை, கொசுவம் அவிழ்ந்து பிள்ளைகள் சிரித்தார்கள். சாயங்காலம் சீக்கிரமே திரும்பிவிடுவேன். வீட்டில் என் சட்டியும் என் தட்டும் மட்டும் இருந்தன. விரதம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன, ஆனால் யாருக்காக அதைத் தொடர்வது? வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடத் தனிமை பெரிதாக இருந்தது, அதை நினைத்து இன்னும் வெட்கமாக இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். "அம்மா, அவளுக்கு எல்லாம் வெளங்கியிருக்கு." எங்கள் மொழியிலும் அவ்வளவு சிறிய வாக்கியம்தான். டிராமில் சொல்லிப் பார்த்தேன், குளிக்கும்போது சொல்லிப் பார்த்தேன். எண்ணைப் போட்டேன். வழக்கம்போலத் தறிச் சத்தம், அதற்கு மேலே அம்மா.

"என்னடி, அந்தப் புள்ள சத்தத்தையே காணோம்?"

"வேற ஊருக்குப் போயிட்டாம்மா."

"நல்லதாப் போச்சு. இனியாச்சும் நிம்மதியா ஆக்கித் தின்னு."

சமையலறையில் என்னைத் தவிர யாரும் இல்லை. எதை வேண்டுமானாலும் எந்த மொழியிலும் சொல்லலாம். கார்டில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"ஏண்டி, லைன்ல இருக்கியா?"

"இருக்கேம்மா."

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன்" என்றேன்.

அம்மா இறந்து ஆறு வருடம் ஆகிறது. கடைசிவரை அந்த வாக்கியத்தை அவளிடம் நான் சொல்லவில்லை.